57 வயசுல எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கறப்ப நான் பார்த்த விஷயங்கள்

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போறேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது ஒரு சார்ஜ்ல எவ்ளோ தூரம் போகும், எவ்ளோ ஸ்பீடு போகும், இந்த ரெண்டுதான். கடைக்காரரும் அதையேதான் சொல்றாரு, விளம்பரத்துலயும் அதைத்தான் பெரிசா போட்டிருக்காங்க. ஐம்பது தாண்டி, நடுவுல பல வருஷம் சைக்கிளே தொடாம இருந்துட்டு திரும்ப ஓட்டப் போறவங்களுக்கு இந்த ரெண்டும் கடைசியா பார்க்க வேண்டிய விஷயம்னு நான் உறுதியா சொல்லுவேன். நாம பார்க்க வேண்டியது ஏறுறது, கிளம்புறது, நிறுத்தறது, இறங்குறது, இந்த நாலு நேரம். ஓடிட்டிருக்கற சைக்கிள் தானா நேரா நிக்கும், மெதுவா ஆகறப்பதான் ஆட ஆரம்பிக்கும். இ-சைக்கிள் நிறைய ஓடற நெதர்லாந்துல பண்ணின ஆராய்ச்சிலயும் வயசானவங்க ஏறும்போதும் இறங்கும்போதும் விழறது ஒரு பெரிய பிரச்சனைன்னு வந்திருக்கு. இந்த வயசுல விழுந்தா இடுப்பு எலும்பு, மணிக்கட்டு, அப்புறம் எழுந்து நடமாட மாசக்கணக்கா ஆகும்.

எனக்கு சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம். 1991ல அறிவொளி இயக்கம் நடந்தப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கறதையும் எழுத்தறிவு வேலையோட சேர்த்துட்டாங்க, அந்த அலையில மாவட்டம் பூரா ஒரு லட்சம் பேருக்கு மேல பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, நானும் அதுல ஒருத்தி. அப்ப லேடீஸ் சைக்கிளுக்கு தட்டுப்பாடு, அதனால ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினவங்க நிறைய, நடு பாருல குழந்தையை உக்கார வைக்கலாம்னு வேணும்னே ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினவங்களும் உண்டு. நானும் ஹெர்குலஸ் ஜென்ட்ஸ் சைக்கிள்லதான் ராத்திரி வகுப்புக்கு ஊர் ஊரா போவேன். கல்யாணம் ஆகி பெங்களூர் அல்சூருக்கு வந்தப்புறம் பஸ், ஆட்டோ, அப்புறம் பையனோட ஸ்கூட்டர் பின் சீட்டுன்னு போயிடுச்சு வாழ்க்கை. போன வருஷம் முட்டி வலிக்கு ஆர்த்தோ டாக்டர்கிட்ட போனப்ப படிக்கட்டு ஏறுறதை குறைங்க, சைக்கிள் ஓட்டலாம், ஆனா முட்டிக்கு அழுத்தம் தராம ஓட்டணும்னு சொன்னாரு. பெங்களூர்ல அழுத்தம் இல்லாம எப்படி ஓட்டறது, எங்க வீட்டுகிட்ட இருக்கற அல்சூர் ஏரி பக்கத்துல இருந்து எந்த ரோட்டுல கிளம்பினாலும் ஏத்தம்தான். அங்கதான் எலக்ட்ரிக் சைக்கிள் யோசனை வந்துச்சு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி சாதா சைக்கிள் ஒண்ண யார்கிட்டயாவது வாங்கி ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை கப்பன் பார்க் உள்ள மோட்டார் வண்டி விடறதில்ல, அங்க போனா நிம்மதியா ஓட்டலாம். பேலன்ஸ் மறக்காதுன்னு சொல்றது உண்மைதான், எனக்கு ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. ஆனா மத்ததெல்லாம் மாறியிருக்கும். கழுத்து பழைய மாதிரி பின்னாடி திரும்பாது, திரும்பினா ஹேண்டிலும் சேர்ந்து திரும்பும். காலைத் தூக்கி பின்னாடி சுத்திப் போடறப்ப இடுப்பு பிடிக்கும். பிரேக்கை அழுத்தி பிடிச்சா கட்டை விரல் அடியில வலிக்கும். இதுல உங்களுக்கு எது எதுன்னு முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா கடையில என்ன கேக்கணும்னு தெளிவா இருக்கும். இதய மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க.

இப்ப ஃபிரேமுக்கு வர்றேன், என் கணக்குல எல்லாத்தையும் விட பெரிய விஷயம் இதுதான். இங்க கடைகள்ல இருக்கற இ-சைக்கிள்ல பாதிக்கு மேல காலேஜ் பசங்களுக்கான எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள் மாதிரி, நடுவுல உயரமா பார் இருக்கும், அந்த பாருக்குள்ளயே பேட்டரி இருக்கும், பார்க்க அழகா இருக்கும், ஆனா காலை அவ்ளோ உயரம் தூக்கணும். கேரியர்ல காய்கறி பை இருந்துச்சுன்னா அதுக்கும் மேல தூக்கணும். ஸ்டெப்-த்ரூன்னு ஒரு டைப் இருக்கு, நடு பார் நல்லா கீழ வளைஞ்சு இருக்கும், காலை முன்னாடி பக்கமா உள்ள விட்டு அப்படியே நின்னுக்கலாம். இதை லேடீஸ் மாடல்னு சொல்லி ஆம்பளைங்க வேண்டாம்னுடறாங்க. என் வீட்டுக்காரருக்கு 63, அவரும் ஆரம்பத்துல அப்படித்தான் சொன்னாரு, கடையில ரெண்டு சைக்கிள்லயும் ஏறி இறங்கிப் பார்த்துட்டு இதுதான் சரின்னுட்டாரு. இடுப்புலயோ முட்டியிலயோ வலி இருக்கற ஆம்பளைங்க தயவுசெஞ்சு அந்த கூச்சத்தை விட்டுடுங்க.

சீட் உயரம் ஒரு இழுபறியான விஷயம். முட்டிக்கு நல்லது எதுன்னா, பெடல் அடியில இருக்கறப்ப குதிகாலை அது மேல வச்சா கால் நேரா நீளணும், அப்ப முன்பாதத்துல மிதிக்கறப்ப முட்டி லேசா மடங்கி இருக்கும். இதைவிட சீட்டை இறக்கி வச்சா ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமா மடங்கி வலி கூடும். ஆனா இந்த உயரத்துல உக்காந்துக்கிட்டே ரெண்டு காலையும் தரையில ஊன முடியாது, அது பயமா இருக்கும். பயத்துல எல்லாரும் சீட்டை கீழ இறக்கிடறாங்க, அப்புறம் சைக்கிள் ஓட்டி முட்டி வலி வந்துடுச்சுன்னு நிறுத்திடறாங்க. ஸ்டெப்-த்ரூ ஃபிரேம்ல இதுக்கு வழி இருக்கு, நிறுத்தறப்ப சீட்டுல இருந்து முன்னாடி இறங்கி நின்னுடலாம், தடுக்க பார் இல்லையே. முதல் ஒரு வாரம் சீட்டை தாழ்வா வச்சு பழகிட்டு அப்புறம் ஒரு விரல் ரெண்டு விரல்னு ஏத்திக்கிட்டே போங்க.

அடுத்தது சென்சார். இதை பத்தி கடைக்காரர் தானா சொல்ல மாட்டாரு, நீங்கதான் கேக்கணும். பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் பார்க்கற கேடன்ஸ் சென்சார் ஒண்ணு, நீங்க எவ்ளோ பலமா மிதிக்கறீங்கன்னு பார்க்கற டார்க் சென்சார் இன்னொண்ணு. விலை குறைஞ்ச சைக்கிள்ல பெரும்பாலும் கேடன்ஸ்தான். அதுல என்ன ஆகும்னா நீங்க மிதிக்க ஆரம்பிச்சு அரை சுத்து போனப்புறம்தான் மோட்டாருக்கு தெரியும், தெரிஞ்ச உடனே மோட்டார் தன் பங்கை மொத்தமா குடுக்கும், அதாவது நீங்க இன்னும் சரியா உக்காரக்கூட இல்லாதப்ப சைக்கிள் ஒரு தள்ளு தள்ளும். மிதிக்கறதை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் தள்ளிட்டே இருக்கும். காலி ரோட்டுல ஒண்ணும் தெரியாது, ஆனா நம்ம ஏரியாவுல ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல சிக்னல்ல நிக்கறப்ப, இல்ல ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏறி இறங்கறப்ப அந்த தள்ளு ரொம்ப ஆபத்து. டார்க் சென்சார் அப்படி இல்ல, மெதுவா மிதிச்சா மெதுவா உதவும், ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா அதுக்கு ஏத்த மாதிரி கூட உதவும், நமக்கே திடீர்னு கால்ல பழைய பலம் வந்துட்ட மாதிரி இருக்கும். விலை கூடத்தான், ஆனா பணத்தை கூட போடறதா இருந்தா பெரிய பேட்டரியில போடறதை விட இதுல போடுங்க. பட்ஜெட்ல கேடன்ஸ்தான் கிடைக்கும்னா மூணு விஷயம் உறுதி பண்ணிக்கோங்க, அசிஸ்ட் லெவலை, அதாவது மோட்டார் எவ்ளோ உதவணும்ங்கற அளவை, ஒண்ணுல வச்சு கிளம்ப முடியணும், கிளம்பறப்ப தள்ளு எவ்ளோ வருதுன்னு கடை வாசல்ல பத்து தடவை நின்னு கிளம்பி பார்த்துக்கணும், பிரேக் லீவரைத் தொட்ட உடனே மோட்டார் கட் ஆகணும். கட் ஆகுதான்னு பார்க்க பின் சக்கரத்தை ஸ்டாண்டுல தூக்கி வச்சு பெடலை கையால சுத்திக்கிட்டே பிரேக்கை லேசா பிடிங்க, மோட்டார் சத்தம் உடனே நிக்கணும். ரெண்டு லீவர்லயும் தனித்தனியா பார்க்கணும், ஒரு கடையில எனக்கு காட்டின சைக்கிள்ல இடது பக்கம் மட்டும்தான் வேலை செஞ்சுது.

திராட்டில், அதாவது மிதிக்காமலே கையால மோட்டாரை ஓட்டற வசதி, வேணுமா வேண்டாமான்னு கேக்கறாங்க. முட்டி வலி அதிகமா இருக்கற அன்னைக்கும், ஜங்ஷனை தாண்டறப்பவும் உதவியா இருக்கு, இருந்துட்டு போகட்டும். ஆனா அதையே நம்பி ஓட்டினா டாக்டர் சொன்ன உடற்பயிற்சி எங்க இருக்கு.

மோட்டார் 250 வாட் போதுமான்னு நிறைய பேருக்கு சந்தேகம். கணக்கு சொல்றேன். நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து ஏறக்குறைய 95 கிலோ. நூறு மீட்டர் போனா அஞ்சு மீட்டர் ஏறுற மாதிரி ஒரு ஏத்தம், நம்ம ஊர்ல அது நல்ல ஏத்தம்தான், அதுல மணிக்கு 10 கிலோமீட்டர்ல போக சுமார் 160 வாட் சக்தி வேணும். பழக்கம் இல்லாத என் வயசு ஆளு மூச்சு வாங்காம தொடர்ந்து 70, 80 வாட் குடுக்கலாம். மிச்சம் 80, 90 வாட்டை மோட்டார் குடுத்தா போதும், 250 வாட் மோட்டாருக்கு அது சாதாரணம். அதனால வாட் பின்னாடி போகாதீங்க. ஏத்தத்துல கை குடுக்கறது டார்க், அதாவது சக்கரத்தை சுத்த வைக்கற விசை, அதை நியூட்டன் மீட்டர்ல சொல்லுவாங்க, பின் சக்கரத்துல இருக்கற ஹப் மோட்டார்ல 35, 40 இருந்தா அல்சூர், காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன் சுத்தறதுக்கு தாராளம். பெடல்கிட்டயே மோட்டார் இருக்கற மிட்-டிரைவ் மலை ஏற அருமையா இருக்கும், ஆனா விலை எங்கயோ போயிடும், ரிப்பேருக்கும் எல்லாரும் கை வைக்க மாட்டாங்க.

கியரை பத்தி ஒண்ணு சொல்லியாகணும், ஏன்னா நாம பழகினதெல்லாம் கியர் இல்லாத சைக்கிள். ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே, இன்னும் லேசா மிதிக்க முடியறப்பவே கியரை குறைச்சுடணும். ஏத்தத்துல மாட்டிக்கிட்டப்புறம் மாத்தினா செயின் கரகரன்னு கத்தும், கழண்டும் போகும். ஹப் மோட்டாருக்கும் இது முக்கியம், கியரை குறைச்சா நாமளும் மிதிச்சு வேகத்தை விடாம வச்சுக்கலாம், இல்லன்னா சக்கரம் ரொம்ப மெதுவா சுத்தறப்ப மோட்டார் கரண்டை இழுத்து சூடாகும், வேலை நடக்காது.

இங்க சில கடையில ஸ்பீடு லாக்கை எடுத்து விடறேன் மேடம், மணிக்கு 40 கிலோமீட்டர்ல போகும்னு சொல்றாங்க, எங்கிட்டயும் ஒருத்தர் சொன்னாரு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிப்படி மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தாதான் அது மோட்டார் வண்டி கணக்குல வராது, லைசென்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் எதுவும் வேண்டாம். அதை தாண்டினா அது ஒரு மோட்டார் வண்டி, ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேணும், இல்லாம ஓட்டி யாரையாவது இடிச்சுட்டா அப்புறம் கோர்ட்டு கேஸுன்னு அலையணும். சட்டத்தை விடுங்க, சைக்கிள் பிரேக்கும் சைக்கிள் ஃபோர்க்கும் 40க்கு செஞ்சது கிடையாது. நம்ம வயசுக்கு 18, 20லயே காத்து முகத்துல நல்லா அடிக்கும்.

எடையை கண்டிப்பா கேளுங்க. சாதா சைக்கிள் மாதிரி நினைச்சுக்காதீங்க, 20 கிலோவுக்கு மேலதான் பெரும்பாலும் இருக்கும், சிலது 25ஐ தொடும். ஓட்டறப்ப தெரியாது, கேட்டை திறந்து உள்ள தள்றப்ப, படியில ஏத்தறப்ப, சாய்ஞ்சு விழப் போறப்ப பிடிக்கறதுக்கு, அப்பதான் தெரியும். எங்க வீட்டு வாசல்ல மூணு படி, தச்சர்கிட்ட சொல்லி ஒரு பலகை சாய்வு போட்டுக்கிட்டோம். வாக் மோடுன்னு ஒரு வசதி பல மாடல்ல இருக்கு, டிஸ்ப்ளேல மைனஸ் பட்டனை அழுத்திப் பிடிச்சா நாம நடக்கற வேகத்துக்கு சைக்கிள் தானா நகரும், அந்த பலகை மேல ஏத்த எனக்கு தினமும் அதுதான் துணை. மாடியில குடி இருக்கறவங்க, லிஃப்ட் இல்லாதவங்க, கீழயே பூட்டி வைக்க இடம் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் சைக்கிளை பாருங்க. பேட்டரி கழட்டற மாதிரி இருந்தா அதை மட்டும் மேல எடுத்துட்டு போய் சார்ஜ் போட்டுக்கலாம், அது ரெண்டு மூணு கிலோதான்.

பேட்டரியில ரேஞ்சுன்னு போட்டிருக்கற கிலோமீட்டரை நம்பாதீங்க, அது ஒல்லியான ஆளு சமதளத்துல குறைஞ்ச அசிஸ்ட்ல ஓட்டின கணக்கா இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்க, வாட்-அவர் வரும், எல்லா கம்பெனி பேட்டரியையும் அதை வச்சு ஒப்பிடலாம். 36 வோல்ட் 7.8 ஆம்பியர்-அவர்னா 280, 36 வோல்ட் 10.4னா 374. நாமளும் மிதிச்சு ஓட்டினா ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா பத்து வாட்-அவர் ஆகும், ஏத்தம் நிறைய இருந்தாலோ திராட்டில்லயே போனாலோ பதினஞ்சு, அதுக்கும் மேல. அப்ப 280ல இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர் கவலை இல்லாம போகலாம். எனக்கு ரஸ்ஸல் மார்க்கெட் போய் காய் வாங்கிட்டு வர்றது, காலையில ஏரியை சுத்தி திருவள்ளுவர் சிலை வழியா ஒரு ரவுண்டு, சோமேஸ்வரர் கோயில், இவ்ளோதான் தேவை, சின்ன பேட்டரியே மிச்சம். உங்க தேவையை விட பெரிய பேட்டரி வாங்கினா தினமும் அந்த எடையை சும்மா தூக்கிட்டு திரியறீங்கன்னு அர்த்தம். ஃபுல் சார்ஜுக்கு அரை யூனிட்தான் கரண்ட், அதை பெரிய செலவா நினைக்காதீங்க. செலவு வர்றது சில வருஷம் கழிச்சு பேட்டரி மாத்தறப்ப, அதனால வாங்கற அன்னைக்கே புது பேட்டரி என்ன விலை, இங்க பெங்களூர்லயே கிடைக்குமா, வாரன்ட்டி எத்தனை வருஷம்னு எழுதி வாங்கிக்கோங்க. கம்பெனி பேரை விட இந்த மூணு பதில்தான் முக்கியம்.

சார்ஜ் போடறதுல எங்க வீட்டுல கண்டிப்பான பழக்கம் இருக்கு. வெயில்ல ஓட்டிட்டு வந்த உடனே போடறதில்ல, ஒரு மணி நேரம் ஆற விடுவோம். கூட வந்த சார்ஜரைத் தவிர வேற எதையும் செருகக்கூடாது. ராத்திரி தூங்கறப்ப போடக்கூடாது, கட்டில்கிட்ட, வாசல் கதவுகிட்ட வச்சு போடக்கூடாது. ஊருக்குப் போறப்ப பாதி சார்ஜ்ல வச்சுட்டு போவோம், ஃபுல்லாவும் இல்ல காலியாவும் இல்ல, லித்தியம் பேட்டரி அப்படித்தான் நாள் உழைக்கும். பேட்டரி கீழ விழுந்து அடிபட்டாலோ உப்பினாலோ அதோட முடிஞ்சுது, சர்வீஸ்ல காட்டாம சார்ஜே போடாதீங்க.

பிரேக் டிஸ்க்தான் வேணும், முடிஞ்சா ஒயருக்கு பதிலா எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கற ஹைட்ராலிக். ஒயர் வச்ச மெக்கானிக்கல் டிஸ்க்கும் நிக்கும், ஆனா கை பலம் கூட வேணும், ஒயர் தளர்ந்தா அடிக்கடி டைட் பண்ணணும். விரல் மூட்டு வலி இருக்கறவங்களுக்கு ஹைட்ராலிக் ரெண்டு விரல்லயே நிக்கறது பெரிய ஆறுதல். டயர் அகலமா, ரெண்டு இஞ்சுக்கு பக்கத்துல இருக்கட்டும், நம்ம ரோட்டு குழிக்கும் ஜல்லிக்கும் அது முன்னாடி சஸ்பென்ஷனை விட நல்லா வேலை செய்யும், அதுவும் காத்தை கல்லு மாதிரி அடிக்காம டயர் ஓரத்துல எழுதியிருக்கற அளவுக்குள்ள கொஞ்சம் குறைவா வச்சா. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், லைட் இதெல்லாம் விலையில சேர்ந்திருக்கான்னு கேளுங்க, பல சைக்கிள் மட்கார்டே இல்லாம வருது, செப்டம்பர் மழையில முதுகு பூரா சேறு. செயின் கவரும் இருக்காது, சுடிதார் பேண்டை ரப்பர் பேண்ட் போட்டு கட்டிக்கணும், துப்பட்டாவை கிராஸா போட்டு முடிச்சு போட்டுக்கணும், புடவையில ஓட்டறதா இருந்தா பின் சக்கரத்துக்கு சாரி கார்டு மாட்டித் தருவாங்களான்னு கேட்டு வாங்கணும்.

பஞ்சர் ஆனா என்ன பண்றதுன்னு எனக்கு ரொம்ப யோசனையா இருந்துச்சு, ஹப் மோட்டார் சக்கரத்துல பெரிய நட்டு, மோட்டாருக்கு போற ஒயரு, ரோட்டோர பஞ்சர் கடையில தொடுவாங்களான்னு. லிங்கராஜபுரம் பக்கம் ஒரு தடவை பின் டயர் இறங்கி, தள்ளிட்டே ஒரு கடைக்கு போனேன். திருப்பத்தூர்க்காரர். "அக்கா, மோட்டார் ஒயர்ல நான் கை வைக்க மாட்டேன், ஆனா பஞ்சர் ஒட்டித் தர்றேன்"னு சொல்லிட்டு சக்கரத்தை கழட்டாமலே டயரை ஒரு பக்கம் மட்டும் லீவர் போட்டு நெம்பி, ட்யூபை தொப்புன்னு வெளிய இழுத்து, காத்தடிச்சு தண்ணி டப்பாவுல கொஞ்சம் கொஞ்சமா முக்கி குமிழி வர்ற இடத்தை நகத்தால அழுத்தி வச்சுக்கிட்டாரு. அப்புறம் உப்புத்தாள் போட்டு தேச்சு, சொல்யூஷன் தடவி, ஊதி காய வச்சு, ஒட்டி, டயர் உள்பக்கம் விரலால தடவிப் பார்த்து ஒரு கண்ணாடி சில்லை எடுத்துக் காட்டினாரு. கால் மணி நேரத்துல முடிஞ்சுது. அதனால பஞ்சருக்கு பயந்து இ-சைக்கிளை விடாதீங்க. ட்யூபே மாத்தற அளவு கிழிஞ்சாதான் சர்வீஸ் ஆளு வேணும்.

கண்ணாடி மாட்டிக்கோங்க, ஹேண்டில்ல வலது பக்கம் வட்டமா ஒண்ணு, விலை ரொம்ப கம்மி. கழுத்தை திருப்பாம பின்னாடி பஸ் வருதான்னு தெரியறதுல இருக்கற நிம்மதியை வேற எதுவும் குடுக்காது. ஹெல்மெட் சட்டப்படி சைக்கிளுக்கு கட்டாயம் இல்ல, நான் போடாம கிளம்பறதில்ல, நீங்களும் போடுங்க. ஓல்டு மெட்ராஸ் ரோடு மாதிரி பெரிய ரோடுல நான் ஓட்டறதில்ல, உள்ள தெரு வழியாதான், ரெண்டு தெரு சுத்தினாலும் மோட்டார் இருக்கறதால கால் வலிக்கப் போறதில்ல. பெரிய ஜங்ஷன்ல இறங்கி தள்ளிட்டு ஜீப்ரா கிராசிங்ல தாண்டிடுவேன்.

விலை 25,000, 30,000ல ஆரம்பிச்சு லட்சத்துக்கு மேல வரைக்கும் இருக்கு. ஹீரோ லெக்ட்ரோ, இமோட்டோராட், டெக்கத்லான்னு பல இடத்துலயும் ஓட்டிப் பார்க்க குடுக்கறாங்க, ஓட்டிப் பார்க்காம ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க, அதுவும் டப்பாவுல வர்றதை நாமளே பூட்டறது இந்த எடைக்கு வேண்டவே வேண்டாம். ஓட்டிப் பார்க்கப் போறப்ப தினமும் போடற செருப்பு, டிரஸ், பையோட போங்க, கடைக்கு பக்கத்துல ஏத்தம் இருந்தா அதுல நடுவுல நின்னு மறுபடி கிளம்பி பாருங்க, யூ டர்ன் அடிச்சு பாருங்க, மோட்டாரை ஆஃப் பண்ணிட்டும் கொஞ்ச தூரம் மிதிச்சு பாருங்க, சார்ஜ் தீர்ந்தா வீடு வந்து சேர முடியுமான்னு தெரிஞ்சுடும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமான்னு என் நாத்தனார் கேட்டா. லாக்டவுன்ல வாங்கி ரெண்டு மாசம் ஓட்டிட்டு மூலையில போட்டது நிறைய விக்கறாங்க, பார்க்க புதுசு மாதிரி இருக்கும், ஆனா சார்ஜ் போடாம வருஷக்கணக்கா கிடந்த பேட்டரி உள்ள செத்திருக்கும். ஃபுல் சார்ஜ் போடச் சொல்லிட்டு போய், ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஏத்தத்தோட ஓட்டி பாருங்க, அதுக்குள்ள டிஸ்ப்ளேல சார்ஜ் காட்டற கட்டைகள்ல பாதி இறங்கிடுச்சுன்னா பேட்டரி விலையை கழிச்சுட்டுதான் பேசணும். ஒரிஜினல் சார்ஜரும் பேட்டரி சாவியும் இல்லன்னா அந்த சைக்கிள் வேண்டாம்.